திரும்பி வரக்கூடாத கார்

சரவணன் காரில் ஏறி உட்கார்ந்தால் போனில் ஒரு பெண் பேசுகிறாள். முன்னால் கேமரா இருக்கிறது, வேகத்தைக் குறை என்கிறாள். அவனும் குறைக்கிறான். அவள் யார், எங்கிருந்து பேசுகிறாள் என்று அவனுக்குக் கவலை இல்லை. சரவணன் நான் வேலை செய்த கடையில் பல வருஷம் கழித்துச் சேர்ந்தவன். இப்போது பெட்டாலிங் ஜெயாவில் சொந்தமாகக் கார் அக்சசரி கடை வைத்திருக்கிறான். “அண்ணே, அந்தக் காலத்துல ரேடார் டிடெக்டர் மாட்டுன ஆளு நீங்க ஒருத்தர்தான் மிச்சம். எங்க சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க லா,” என்று பிடித்துக்கொண்டான்.

எப்படி மாட்டினோம் என்று எழுதச் சொன்னான். எழுதுகிறேன். ஆனால் அதை எழுதினால் உமையாளைப் பற்றியும் எழுதியாக வேண்டும். என் கையால் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமானது அவருடைய காரில் செய்ததுதான். அந்த வேலையால்தான் இன்றைக்கும் ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சங்கத்து மலரில் இதைப் போடலாமா கூடாதா என்பது சரவணன் பாடு.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளை. அப்பா தண்டவாளத்தில் வேலை செய்தவர். எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஹாரன், விளக்கு, ரேடியோ என்று கார் வயரிங் பழகினேன். பழகிய கதை எல்லா வயர்மேனுக்கும் ஒன்றுதான்: திட்டு வாங்குவது, கையைச் சுட்டுக்கொள்வது, மறுபடியும் திட்டு வாங்குவது. எழுபதுகள் முடியும்போது பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையில் நிலையாக உட்கார்ந்தேன். எழுந்தது ரிட்டயராகும்போதுதான்.

தவுக்கே பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். வினைச்சொல்லை எந்த இடத்தில் வைப்பது என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்ல மாட்டார். வேலை முடிந்ததும் காருக்குள் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் டேஷ்போர்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவுவார். விரலில் ஒரு வயர் தட்டினால் போதும், ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விடுவார். நாம் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து செய்ய வேண்டும். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்து போன கார் அதே வேலைக்காகத் திரும்பி வரக்கூடாது. வந்தால் அதற்குப் பெயர் ‘ரிட்டர்ன்’. ரிட்டர்ன் காரை வாசலிலேயே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தச் சொல்வார். அதைச் செய்தவன்தான் அன்றைக்குக் கடை முழுவதற்கும் கோப்பி வாங்கி வர வேண்டும். பிளாஸ்டிக் பைகளில் கட்டிய கோப்பியை இரண்டு கையிலும் தொங்கவிட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தால், எதிர்ச்சாரி முடிவெட்டுக் கடைக்காரருக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும். நாங்கள் சம்பளம் குறைந்தாலும் பொறுத்துக்கொள்வோம், அந்தக் கோப்பியை வாங்கப் போவதைப் பொறுக்க மாட்டோம்.

எண்பதுகளில் ரேடார் டிடெக்டர் வந்தது. கடைப் பலகையில் அதை எழுதவில்லை, வாடிக்கையாளர்களும் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தவுக்கேயை நாங்கள் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. தடித்த பாக்கெட் நாவல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. போலீஸ்காரர் மரத்தடியில் கருவியை வைத்துச் சாலையை நோக்கி அலையை அனுப்புவார். அந்த அலையைப் பெட்டி தூரத்திலேயே மோப்பம் பிடித்துக் கத்தும். ஓட்டுகிறவர் காலை எடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு போலீஸ்காரரைத் தாண்டிப் போவார்.

வாங்கி ஒட்டினால் போதும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் அது நடக்காது. முன்கண்ணாடி மிகவும் சாய்ந்திருக்கும். நம்மூர் வெயிலில் பெட்டியைக் கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் கிண்ணம் மதியத்துக்குள் கழன்று, பெட்டி ஓட்டுகிறவர் மடியில் விழும். கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் பெட்டிக்குக் கண்ணும் காதும் அடைத்துவிடும். வைப்பர் கட்டை குறுக்கே வரக்கூடாது. பெட்டி மேலேயும் பார்க்கக்கூடாது, கீழேயும் பார்க்கக்கூடாது. சாலையை நேராகப் பார்க்க வேண்டும். இது எல்லாவற்றுக்கும் மேல் தவுக்கே டேஷ்போர்டில் ஓட்டை போட விடமாட்டார்.

நான் செய்தது இப்படி. உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியைப் பிடித்திருக்கிற திருகாணியைக் கழற்றி, அதோடு சேர்த்து ஒரு அலுமினியப் பட்டையை வளைத்து மாட்டுவேன். பட்டையின் மேல் பெட்டி. ரசமட்டம் வைத்துப் பார்த்து, குமிழி நடுவுக்கு வரும்வரை பட்டையை விரலால் நெளிப்பேன். வயரைக் கூரைத் துணிக்குள் தள்ளி, கதவோரத் தூண் வழியாக இறக்கி, ஃபியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோவேன். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வருகிற வயரில்தான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் பேட்டரி படுத்துவிடும். கடைசியில் எர்த். ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் உடம்போடு சேர்ந்த ஒரு போல்ட்டில், பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு வளையத்தை வைத்து முறுக்க வேண்டும். எர்த் கழன்றால் பெட்டி செத்த பெட்டி. எல்லாம் சரியென்றால் சாவியைத் திருப்பியதும் இரண்டு தடவை கீச்சென்று கத்தி, பச்சை விளக்கு எரியும்.

இந்தப் பெட்டியைத் தேடி வந்தவர்களிடம் ஒன்றைக் கவனித்தேன். பெரும்பாலும் தனியாகத்தான் வந்தார்கள். வேலை செய்யும்போது பக்கத்து இருக்கையில்தான் நான் மல்லாந்து படுக்க வேண்டும். அந்த இருக்கையில் எப்போதும் பேப்பர், சலவைக்குப் போட வேண்டிய சட்டை, பாட்மிண்டன் மட்டை. ஆள் உட்கார்ந்த சுவடே இருக்காது. பக்கத்தில் பேச ஆள் இருப்பவனுக்கு அவ்வளவு வேகம் எதற்கு? இதை நான் ஏளனமாக எழுதவில்லை. சாயங்காலம் கடை மூடியதும் நானும் வாடகை அறைக்குத்தான் போனேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒரே அக்கா கல்யாணமாகித் தெலுக் பங்லிமா காராங்கில் இருந்தார். தீபாவளிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

உமையாள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். கிள்ளானில் தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் செட்டியார் குடும்பம். நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை. கைத்தறிச் சேலையோடு இரண்டே இருக்கை உள்ள சிவப்பு நிறக் காரிலிருந்து இறங்கினார். கடையில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம்.

“தம்பி வாங்குன காரு. அவன் ஆஸ்திரேலியா போய்ட்டான். இப்ப நான்தான் ஓட்டுறேன். வேகமா போனேன்னு ரெண்டு சம்மன் வந்துருச்சு. இன்னொன்னு வந்தா வித்துருவேன்னு வீட்டுல பெரியவரு சொல்லிட்டாரு,” என்றார். பெரியவர் என்றது மூத்த அண்ணனை.

“கொஞ்சம் மெதுவா போலாமே மேடம்,” என்றேன். வியாபாரத்துக்கு ஆகாத பேச்சு. தவுக்கே மேசைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார்.

“மெதுவா போறதுக்குக் கடையும் வீடும் இருக்கு. கார்லயும் மெதுவாத்தான் போணுமா?” என்று சிரித்தார்.

அந்தப் பேச்சு என்னை என்னவோ செய்தது. அந்தச் சாவி போய்விட்டால் இவருக்குக் கடை, வீடு, கோயில், அவ்வளவுதான் என்று புரிந்தது. பார்த்துப் பார்த்து மாட்டினேன். தவுக்கே கண்ணை மூடித் தடவிப் பார்த்தார், விரலில் எதுவும் தட்டவில்லை.

இரண்டு வாரத்தில் கார் திரும்பி வந்துவிட்டது. பச்சை விளக்கு எரியவில்லை. எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஸ்டியரிங்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தால் எர்த் வளையம் தளர்ந்திருந்தது. அவரும் பக்கத்தில் குனிந்து, “எது கழண்டுச்சு, காட்டுங்க,” என்றார். காட்டினேன். இந்த போல்ட், இந்த வளையம், இது தளர்ந்தால் எல்லாம் போச்சு என்று வாத்தியார் மாதிரி விளக்கினேன். அவரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் கோப்பி வாங்கப் போனேன்.

ரிட்டர்ன் கார் என்றால் சரிசெய்தவனே அதில் ஏறிச் சாலையில் போய்ச் சோதித்து வர வேண்டும் என்பது தவுக்கேயின் முறை. ஃபெடரல் ஹைவேயில் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டினால் வழக்கமாகப் போலீஸ் நிற்கும் ஒரு மரத்தடி உண்டு. அங்கே போய்ப் பெட்டி கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் ஓட்டினார், நான் பக்கத்து இருக்கையில். மரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பெட்டி கத்தியது. அவர் காலை எடுத்தார். தாண்டும்போது போலீஸ்காரருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு வணக்கம் வேறு வைத்தார். இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தோம். திரும்புகிற வழியில் ஒரு கடையோரம் நிறுத்தித் தேத்தண்ணி குடித்தோம். அவர் பேசினார், நான் கேட்டேன். நானும் பேசினேன் என்று பிறகுதான் உறைத்தது. அறைக்கு வந்த பிறகும் நெடுநேரம் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

அடுத்த மாதமும் எர்த் தளர்ந்து வந்தது. அதற்கடுத்த மாதமும். பல் வைத்த வாஷர் போட்டேன், வளையத்தை மாற்றினேன், ஸ்பேனரில் தொங்கிக்கொண்டு முறுக்கினேன். ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், அந்த அதிர்வில்தான் கழல்கிறது என்று முடிவு கட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் சிவப்பு நிறம் தெருமுனையில் தெரிந்தாலே கடைக்குள்ளிருந்து, “மணியம், ஒன் ரிட்டர்ன் வந்துருச்சு! எனக்குக் கோப்பி ஓ, சீனி கம்மி!” என்று கத்துவார்கள். கோப்பி ஓ என்றால் பால் சேர்க்காதது.

வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனுஷனுக்கு இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வந்தால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். ஆனால் காருக்குள் உட்கார்ந்தவுடன் வயர்மேன் ஆகிவிடுவேன். காது முழுக்கப் பெட்டியிலேயே இருக்கும்.

ஒரு தடவை பங்சார் பக்கம் சிக்னலில் நிற்கும்போது கேட்டார்: “மணியம், வீட்டுல யார் யாரு இருக்கா?”

“நான் மட்டும்தான் மேடம்.”

“எம் பேரு உமையாள். மேடம் இல்ல.”

“சரி மேடம்,” என்றேன்.

அவர் தலையை ஸ்டியரிங்கில் வைத்துச் சிரித்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹாரன் சத்தத்தில் பெட்டி ஏதாவது பொய்யாகக் கத்துகிறதா என்று கவனித்தேன்.

என்னை உறுத்தியது வேறு. ஒரு நாள் சாலையின் நடுவில் எர்த் கழன்று பெட்டி ஊமையாகிவிட்டால், மரத்தடியில் பிடித்துவிடுவார்கள். மூன்றாவது சம்மன் வீட்டுக்குப் போகும். கார் போய்விடும். என் கை வேலையால் இவர் வீட்டுக்குள் அடைபடுவார். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. செட்டியார் வீட்டுப் பெண்ணுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ்காரன் வேறு என்ன செய்துவிட முடியும்? வயரை ஒழுங்காக மாட்டிக் கொடுக்கலாம். என் பிரியத்தை எல்லாம் அதில் காட்டுவது என்று தீர்மானித்தேன்.

அடுத்த தடவை வந்தபோது காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். டேஷ்போர்டின் கீழ்ப்பலகை முழுவதையும் கழற்றினேன். எர்த்தை அந்த போல்ட்டிலிருந்து எடுத்து, மீட்டர்களுக்குப் பின்னால் கை நுழையாத இடத்துக்குக் கொண்டுபோனேன். வளையத்தை வயரோடு ஈயம் வைத்துப் பற்றவைத்து, இரட்டை நட்டு போட்டு, நட்டின் மேல் பெயிண்ட் அடித்து இறுக்கினேன். காரே நசுங்கினாலும் அந்த எர்த் கழலாது. பலகையை மூடினால் உள்ளே ஒரு வயர் இருக்கிறது என்று சாமிக்கும் தெரியாது. தவுக்கே கண்ணை மூடித் தடவினார். இந்தத் தடவை எழுந்து போகவில்லை. “பாகுஸ்,” என்றார். மலாயில் நன்று என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் அதைக் கேட்டதில்லை.

உமையாள் காரை எடுக்க வந்தபோது நான் மிதந்துகொண்டிருந்தேன். “இனிமே யாரு கையும் அதுல படாது மேடம். காரு இருக்குற வரைக்கும் கழலாது,” என்றேன்.

அவர் குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தார். பழைய போல்ட்டில் ஒன்றும் இல்லை. “அப்போ இனி?” என்றார்.

“இனி நீங்க இந்தப் பக்கம் வரவே வேணாம்,” என்றேன், முகம் முழுக்கச் சிரிப்போடு.

“வரவே வேணாமா?”

“வேணவே வேணாம் மேடம்.”

சாவியை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். “நீங்க நல்ல வேலைக்காரரு மணியம்,” என்றார். பெட்டி இரண்டு தடவை கீச்சென்று கத்தியது. கார் போய்விட்டது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் வெறுமையாக வந்து போயின. அந்த வெறுமை எதனால் என்றுகூடத் தெரியாமல் கொஞ்ச நாள் சுற்றினேன். பிறகு ஒரு நாள், பாராட்டு இன்னொரு தடவை கிடைக்குமா என்ற சபலத்தில் தவுக்கேயிடம் போய், “அந்தக் கிள்ளான் காரு திரும்பி வரவே இல்ல, பாத்தீங்களா?” என்றேன்.

“நீ வேணாம் சொன்னே. அவங்க வரல லா,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் கண்ணாடி வழியாகத் தெருமுனையைக் காட்டினார். “அங்க வருவாங்க. கார் நிறுத்துவாங்க. கீழ குனிஞ்சு கழட்டுவாங்க, ஸ்பேனர் வெச்சு. அப்புறம்தான் இங்க வருவாங்க. மொத தடவ மட்டும் இல்ல. அப்புறம் ஒவ்வொரு தடவையும் நான் பாத்தேன்.”

“ஏன் தவுக்கே என்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கல. ஒனக்குத் தெரியும் நெனச்சேன். தெரிஞ்சுதான் வேணாம் சொன்னே நெனச்சேன்.” என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் விளங்கியது. “போடோ,” என்றார் மெதுவாக. முட்டாள் என்று அதற்கு அர்த்தம். அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை பில் புத்தகத்திலிருந்த விலாசத்தோடு கிள்ளான் பஸ் ஏறினேன். தேய்த்த சட்டை, பையில் ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்ட் விளக்கும். கருவி இல்லாமல் அந்த வீட்டு வாசலில் நிற்க எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. என் திட்டம் மிகச் சின்னது. காரில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்பேன். அவர் இருக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். சாலையில் போய்ப் பார்த்துவிடலாம் என்பேன். காருக்குள் உட்கார்ந்ததும் உமையாள் என்று கூப்பிட்டுவிடுவேன். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். பஸ்ஸில் இதையே உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

வீட்டு வாசலில் சிவப்புக் கார் நின்றது. நிழலில் அவருடைய அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “யாருப்பா?” என்றார். பிரிக்பீல்ட்ஸ் கடை, கார் வயரிங் பார்க்க வந்தேன் என்றேன். உள்ளே குரல் கொடுத்தார். உமையாள் வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அது என் கற்பனை இல்லை.

“காருல ஏதாச்சும் ப்ராப்ளம் இருக்கா?” என்று கேட்டேன்.

உமையாள் ஒரு படி இறங்கி வந்து கேட்டார்: “கடைலேருந்து அனுப்புனாங்களா, நீங்களா வந்தீங்களா?”

இப்படி ஒரு கேள்வியை நான் பஸ்ஸில் பழகவில்லை. அண்ணன் பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பை, என் செருப்பு, எல்லாவற்றையும் பார்த்தார்.

“கடைலேருந்துதான் அனுப்புனாங்க,” என்றேன்.

உமையாள் காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை மாதமும் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட்டவர்.

“நல்லா வேல செய்யுது அண்ணே,” என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு ஆண் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. “சரிம்மா,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிலையம் வரைகூட அடக்க முடியவில்லை. நல்லா வேலை செய்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டு, ஒரு வயர்மேன் நட்ட நடு வெயிலில் கிள்ளான் தெருவில் நின்று அழுதான்.